வெள்ளிக்கிழமைக் குப்பை

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகல் நித்யா தொலைபேசியில் அழைத்தாள். மியூனிக்குக்கு வெளியே நான் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஆய்வு நிறுவனத்தில், என் பழைய நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கெட்டிக்காரி. ஒரே குறை, என்னை ‘சார்’ என்பாள். “அண்ணை எண்டு கூப்பிடுங்கோ” என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். “எங்கப்பாவ விட உங்களுக்கு வயசு ஜாஸ்தி சார்” என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

“சார், ஒரு சின்ன டவுட். புது மேப்ல ஒரு எடத்துல வெள்ளையா ஓட்டை விழுந்திருக்கு. சிஸ்டம் அத எரர்னு தூக்கிப் போட்டுடுச்சு. எனக்கென்னமோ எரர் மாதிரி தெரியல.”

எந்த இடம் என்று கேட்டேன். சொன்னாள். அடுப்பில் வைத்திருந்த தேநீர் என் நினைவிலிருந்தே போய்விட்டது.

“சுத்தவர உள்ள பாறை எப்பிடிக் கிடக்கு?”

“பாறை எல்லாம் ஜீரோ சார், க்ளீனா இருக்கு. பழைய ஃபோட்டோல அங்க ஒரு பில்டிங் இருக்கு, புதுசுல இல்ல. மலையோட சேர்ந்து கீழ போயிருச்சு. நியூஸ்ல தேடினேன். ஆகஸ்ட் மாசம், பட்டப்பகல்ல விழுந்திருக்கு, ஆனா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த சீசன்ல அந்த மாதிரி எடத்துல ஏன் சார் யாருமே இல்ல?”

அந்த ஆகஸ்டில் நானும் மனைவி சாந்தியும் யாழ்ப்பாணம் போயிருந்தோம். அதனால் செய்தி என் காதில் விழவேயில்லை. “அது பெரிய கதை, பிள்ளை” என்றேன். “அப்ப எழுதிக் குடுங்க சார். இங்க இருக்கிற யாருக்கும் தெரியல” என்றாள். அவளுக்காக எழுதத் தொடங்கியது இது. எழுத எழுத எனக்காகவும் ஆகிவிட்டது.

எங்கள் வேலை என்னவென்று கொழும்பில் இருக்கும் என் மைத்துனருக்கு இன்றுவரை விளங்கவில்லை. “பனிக்கட்டி அளக்கிறவர்” என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அது அவ்வளவு பிழையுமில்லை. மலைகளில் ஆண்டாண்டாகப் பெய்து இறுகிய பனி, பனியாறாகி மெல்ல மெல்லக் கீழே நகர்கிறது. அதன் மேற்பரப்பு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று வானத்திலிருந்து கணக்கெடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. இரண்டு செய்மதிகள் அருகருகே பறக்கும். ஒன்று ராடார் அலையை அனுப்ப, எதிரொலியை இரண்டும் கேட்கும். இரண்டு கண்ணால் பார்த்தால் ஒரு பொருளின் தூரம் பிடிபடுவதுபோல, இரண்டும் கேட்டதில் உள்ள சின்ன வித்தியாசத்திலிருந்து தரையின் உயரம் கிடைக்கும். முகில் இருந்தாலும் இருட்டு இருந்தாலும் ராடாருக்குக் கவலையில்லை. இப்படிச் செய்த புது உயரப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்தால், தாழ்ந்த இடம் சிவப்பாகவும் உயர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். என் காலத்தில் நீல நிறம் எங்கள் அச்சுப்பொறியில் தீர்ந்ததாக ஞாபகமில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த பாதை நேர்ப்பாதை அல்ல. அகதியாக டோர்ட்மண்டில் வந்திறங்கி, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, அந்த வெந்நீர் ஆவிக்குள்ளேயே ஜெர்மன் படித்தேன். நில அளவையாளர் ஆவதற்கு ஓர் ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, கிடைத்தது. ரூர்ப் பகுதியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலுள்ள வீடுகள் எவ்வளவு இறங்குகின்றன என்று அளந்து திரிந்தேன். பிறகு பல்கலைக்கழகம், பிறகு கலியாணம், பிறகு மியூனிக். இதைச் சொன்னால் இவ்வளவுதான். அனுபவித்தால் அரைவாசி ஆயுள்.

மியூனிக்கில் என் மேலதிகாரி ஃபிராவ் லிண்ட்னர். ஒல்லியான உயரமான பெண்மணி, கட்டையாக வெட்டிய நரைமுடி, எந்தப் பருவத்திலும் மலையேறும் சப்பாத்து. அவரோடு நான் பேசியதெல்லாம் ஜெர்மன் மொழியில்தான். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு, அவர் குரல் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். நித்யா சிரிக்கட்டும்.

யாராவது புதிய படத்தோடு அவர் அறைக்குள் ஓடினால் பனியாற்றின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். “முதல்ல பாறையைக் காட்டுங்கோ” என்பார். பனியாற்றைச் சுற்றியுள்ள வெறும் பாறை ஆண்டுக்காண்டு உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை. ஆகவே நம் படத்தில் பாறை சுழியம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பிழை மலையில் இல்லை, எங்களில். ஒருமுறை ஓர் ஆராய்ச்சி மாணவன் மூச்சிரைக்க வந்தான். அவன் படத்தில் பனியாறு பளிச்சென்று நீலம்! வளர்ந்திருக்கிறதாம்! பாறையும் ஒழுங்காகச் சுழியம் காட்டியது. ஃபிராவ் லிண்ட்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதல் படம் எந்த மாதம்?” பெப்ரவரி. “இரண்டாவது?” ஆகஸ்ட். “குளிர்காலத்தில காய்ஞ்ச பனிக்குள்ள ராடார் இறங்கிப் போகும். கோடையில ஈரப்பனி அதை மேலேயே தடுத்துப்போடும். உங்கட பனியாறு வளரேல்லை தம்பி, உங்கட ராடார்தான் ஏறி இறங்கியிருக்கு.” அவன் முகம் போன போக்கைப் பார்த்து, தன் மேசையிலிருந்த சொக்லேட் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார். திட்டினால் சொக்லேட் கொடுப்பார். அந்த முதல் வருடத்தில் நான் கொஞ்சம் உடம்பு வைத்தேன்.

அவர் கொண்டுவந்த வழக்கங்களில் எனக்கு மிகப் பிடித்தது வெள்ளிக்கிழமைப் பிற்பகல்தான். அதற்கு ‘அப்ஃபால்ஷ்டுண்ட’ என்று பெயர், குப்பை பார்க்கும் நேரம். எங்கள் கணினிக்கு ஒரு வடிகட்டி உண்டு. பாறையில் சுழியத்தைவிட்டு மிகவும் விலகி நிற்கும் இடங்களை ‘இது பிழை’ என்று தானே கழித்து வெள்ளையாக்கிவிடும். படம் துப்புரவாக வரும். அந்தத் துப்புரவில்தான் ஃபிராவ் லிண்ட்னருக்கு நம்பிக்கையில்லை. கழித்ததையெல்லாம் பெரிய தாளில் அச்சடித்து மேசையில் விரிப்பார். நாங்கள் சுற்றி நின்று, ஒவ்வொரு வெள்ளை ஓட்டைக்கும் காரணம் சொல்லவேண்டும். இது மலையின் நிழல். இது செங்குத்துச் சரிவு. இது அலைகளை எண்ணும் கணக்கில் ஒரு சுற்றுத் தவறிய பிழை. காரணம் சொல்ல முடியாததை அவர் பச்சைப் பென்சிலால் வட்டமிடுவார். பக்கத்தில் அவரே சுட்ட அப்பிள் கேக் இருக்கும்.

முதல் சில வெள்ளிகள் நான் கேக்கைத் தொடவில்லை. மூன்றோ நான்கோ தடவைக்குப் பிறகு அவர் கேட்டேவிட்டார். “ஹெர் சிவம், என்ர கேக்கில என்ன பிழை?” வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான், மீன் இறைச்சி மட்டுமல்ல முட்டையும் இல்லை என்று சொன்னேன். “ஏன்?” என்றார். அம்மாவின் வழக்கம், விரதம், பிள்ளையார் என்று ஏதேதோ உளறினேன். அவர் கடவுளை நம்பாத மனுஷி. ஆனால் அடுத்த வெள்ளியிலிருந்து கேக் முட்டையில்லாமல் வந்தது. கொஞ்சம் உதிரும். ஒருவரும் முறையிடவில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்த இடம் எங்கள் மேசைக்கு வந்தது. ஜெர்மன் எல்லைக்குத் தெற்கே ஒரு பனியாறு. அதன் கரையில், பனியாறு ஒருகாலத்தில் தள்ளிக் குவித்துவிட்டுப்போன கல்மேடு. மேட்டின் உச்சியில் ஒரு மலைவிடுதி. மலையேறுபவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போகும் மரவீடு அது. விடுதிக்கு நேர்கீழே சரிவில் ஒரு வெள்ளை ஓட்டை. ஒருவரிடமும் காரணம் இல்லை. பச்சை வட்டம் விழுந்தது.

ஒவ்வொரு வெள்ளியும் அதற்குத் திரும்பிவந்தோம். முந்திய ஆண்டுகளின் குப்பையைக் கிளறினோம். அதே இடத்தில் அதே ஓட்டை. இரண்டு படங்களும் ஒரே பருவத்தவைதானா? ஆம். மலையின் நிழலா? செய்மதி எதிர்ப்பக்கமாகப் பறக்கும்போது எடுத்த படத்திலும் இருந்தது. கணக்கில் ஒரு சுற்றுத் தவறினால் உயரம் ஒரேயடியாகத் தாவும்; இதுவோ ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. கடைசியில் ஃபிராவ் லிண்ட்னர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“இது பாறையில்லை, சிவம். நாங்கள் பாறை எண்டு நம்பினது. உள்ளுக்குப் பழைய பனிக்கட்டி கிடக்கு, மேல கல்லுப் போர்த்தியிருக்கு. அது உருகுது.”

நாங்கள் செய்திருந்த கூத்து அப்போதுதான் விளங்கியது. அசையாத நிலம் என்று எதைச் சுழியமாக வைத்தோமோ, அதில் ஒரு துண்டு அசைந்துகொண்டிருந்தது. அசைந்தது என்று செய்மதி வருடாவருடம் சொல்ல, பாறை அசையாது என்ற எங்கள் விதி வருடாவருடம் அதைக் குப்பையில் போட்டிருக்கிறது. மேட்டின் வயிறு மெலிய மெலிய, மேலே மனிதர்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

விடுதி ஒரு மலையேறுவோர் சங்கத்துக்குச் சொந்தம். ஆனால் அதை நடத்தியவர் மார்த்தா என்ற பெண். அவரது தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் நடத்தியது. சங்கத்துக்கு அறிக்கை அனுப்புவதற்கு முன் மார்த்தாவிடம் நேரில் சொல்லவேண்டும் என்றார் ஃபிராவ் லிண்ட்னர். “ஒரு ஆளின்ர வீட்டைப் பற்றி ஆளுக்குத் தெரியாமல் எழுத ஏலாது.” அவருக்கு அப்போதே முழங்கால் சரியில்லை. ஏறுவதற்குக் காலையிலிருந்து பிற்பகல்வரை பிடித்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

மார்த்தா எங்களை விருந்தாளிகளாகத்தான் வரவேற்றார். அகன்ற தோள், சிவந்த முகம், வாய்விட்டுச் சிரிப்பு. ஏன் வந்தோம் என்று கேட்பதற்கு முன்பே கைசர்ஷ்மாரன் தட்டுகளை வைத்துவிட்டார். முட்டையையும் மாவையும் அடித்துப் பொரித்து, கிழித்துப் போட்டு, மேலே சீனி தூவுவது. என்ன வாசம்! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தட்டைச் சற்றே தள்ளிவைத்தேன். ஃபிராவ் லிண்ட்னர் படத்தை விரித்து, முதலில் சுற்றியுள்ள பாறையைக் காட்டினார், பிறகு அந்த இடத்தைக் காட்டினார். ஒரு சொல்லையும் மெழுகிச் சொல்லவில்லை.

மார்த்தா படத்தை மடித்துவைத்தார். பிறகு எழுந்து எங்களை வெளியே முற்றத்துக்கு அழைத்துப்போனார். வெயிலில் மேசைகள் நிறையச் சனம், பிள்ளைகள் ஓடித் திரிந்தன. மார்த்தா குதிக்காலால் தரையை ஓங்கி மிதித்தார். “ஒரு வெடிப்புக் காட்டுங்கோ பாப்பம்!” வெடிப்பு இல்லை. சரிவின் வயிறு முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தப் பக்கம் பாதையும் கிடையாது.

“எப்ப விழும்?”

“தெரியாது” என்றார் ஃபிராவ் லிண்ட்னர். “விழாமலும் விடலாம்.”

மார்த்தா என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஆரும் வந்து இப்பிடிச் சொன்னால் வீட்டை விட்டுப் போவியளோ?”

“ஒருக்காப் போனனான்” என்றேன். “எங்களுக்குப் படமெல்லாம் கொண்டுவந்து காட்டேல்லை. பீரங்கியால செல்லடிச்சுத்தான் சொன்னவை.”

“திரும்பிப் பாத்தனீங்களோ?”

“கன வருஷத்துக்குப் பிறகு. கிணறு மட்டும் இருந்தது.”

அவர் முகம் ஒருகணம் இளகியது. உள்ளே வந்தவர் நான் தொடாத தட்டைக் கண்டார். இளகிய முகம் மறுபடி இறுகியது. “என்ர வீட்டையும் மூடச் சொல்லுறியள். என்ர சாப்பாட்டிலயும் கை வைக்கமாட்டியளோ?” என்றார். ஒரு மனுஷியின் வீடு போகிற நேரத்தில், இன்று வெள்ளி, நான் முட்டை சாப்பிடுவதில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தி கேட்டது ஒன்றுதான். “சாப்பிட்டனீங்களோ?” நடந்ததைச் சொன்னேன். “ஐயோ, ஏனப்பா சொல்லேல்லை? அந்த மனுசி என்ன நினைச்சிருக்கும்? அரியண்டப்பட்டு அருவருத்துத் தள்ளிவைச்சது எண்டெல்லோ நினைச்சிருக்கும்!” பனியாறு, ராடார் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இப்போது யோசித்தால் அவள்தான் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாள்.

சங்கம் பொறியியலாளர்களை அனுப்பித் துளையிட்டது. ஒரு துளையில் பனிக்கட்டி தட்டுப்பட்டது. ஒருவர் உடனே மூடு என்றார். மற்றவர் இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்றார். சங்கம் மூடியது. மார்த்தா பாத்திரங்களைக் கீழே இறக்கி, எல்லைக்கு இப்பால் பவேரியப் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய கஃபே திறந்தார். அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை என்று கேள்விப்பட்டோம்.

அந்த இலையுதிர் காலத்தில், மலையேறும் பருவம் முடிந்த கையோடு, ஒரு வெள்ளிக்கிழமை குப்பை பார்க்கும் நேரத்தில் ஃபிராவ் லிண்ட்னரின் தொலைபேசி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார். நாங்கள் எல்லோரும் கேட்கத்தக்கதாக ஒலித்தது மார்த்தாவின் குரல். “இன்னும் நிக்குது.” அவ்வளவுதான். வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் ஃபிராவ் லிண்ட்னர் அவசரமாகச் சொன்னார். “அவர் வெள்ளிக்கிழமையில முட்டை சாப்பிடுறேல்லை!” பிறகு தொடர்பு அறுந்தது. ஃபிராவ் லிண்ட்னர் காது சிவக்க, எங்கள் ஒருவர் முகத்தையும் பாராமல், பென்சிலைக் கூராக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன்பிறகு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதே அழைப்பு, அதே இரண்டு சொல். நிற்கிறது என்றால் நல்ல செய்திதானே? இல்லை. ஒவ்வொரு தடவையும் அது ஒரு குற்றப்பத்திரிகை. ஃபிராவ் லிண்ட்னர் ஓய்வுபெற்ற அன்று என்னிடம் சொன்னார். “நான் பிழையா இருந்தால் அந்த மேடு தப்பும். ஆனால் பிழையா இருந்தால் அவவின்ர வாழ்க்கையைப் பறிச்சது நான். எதை விரும்பிறதெண்டு எனக்கே தெரியேல்லை, சிவம்.” அந்த மனுஷி கலங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு நானும் ஓய்வுபெற்றேன். புதிய மென்பொருள் வந்தது. எல்லாம் தானே ஓடும், படம் இன்னும் துப்புரவு. வெள்ளிக்கிழமைக் கூட்டம் நேரவிரயம் என்று எடுத்துவிட்டார்கள். மலை சரிந்த இடத்தையும் அந்த மென்பொருள் தன் முறைப்படி பார்த்தது. பாறை இவ்வளவு இறங்காது, ஆகவே பிழை, ஆகவே வெள்ளை! நித்யா மட்டும் அந்த வெள்ளையை நம்பவில்லை. அவளுக்குக் குப்பை நேரம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் சுபாவமே அப்படி.

அவள் அழைத்த அன்றே ஃபிராவ் லிண்ட்னருக்குப் பேசினேன். அல்கொய் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் ஆரம்பிக்கும் முன்பே சொன்னார். “இந்த முறை மார்த்தாவின்ர அழைப்பு வரேல்லை. எனக்கு விளங்கிட்டுது. படத்தைக் கொண்டு வாங்கோ.”

வெள்ளிக்கிழமை நித்யாவின் காரில் போனோம். அறைக் கதவைத் திறந்தால், சக்கர நாற்காலியில் ஃபிராவ் லிண்ட்னர். எதிரே கையில் தகரப் பெட்டியோடு மார்த்தா. ஃபிராவ் லிண்ட்னர்தான் அவரையும் வரச்சொல்லியிருந்தார். மார்த்தாவின் தலை முழுக்க நரைத்திருந்தது.

நித்யா மடிக்கணினியைத் திறந்தாள். “முதல்ல பாறையைக் காட்டுங்கோ” என்றார் ஃபிராவ் லிண்ட்னர். நித்யா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பாறை சுழியம். பிறகு வெள்ளை ஓட்டை. பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டுக் காட்டினாள். விடுதி நின்ற இடம், முற்றம், மேட்டின் வயிறு, எல்லாம் கடுஞ்சிவப்பு. மார்த்தா திரைக்கு மிக அருகே குனிந்து, முற்றம் இருந்த இடத்தை விரலால் தொட்டார்.

“அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை” என்றார். “நல்ல வெயில். மத்தியானம். வெளியில ஒரு மேசையும் காலியா இருந்திருக்காது.”

நித்யா எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றாள். ஏன் யாருமே இல்லை என்று அவள் கேட்டதற்குப் பதில், விடுதியை மூடிவிட்டு வந்த இந்த மனுஷிதான்.

“மார்த்தா,” என்றார் ஃபிராவ் லிண்ட்னர். “ஒவ்வொரு வருஷமும் நான் பிழையா இருக்கவேணும் எண்டுதான் அந்தப் படத்தைத் திறந்தனான்.”

“தெரியும். இல்லாட்டி ஒவ்வொரு முறையும் முதல் மணியிலயே எடுப்பியளோ?”

மார்த்தா தகரப் பெட்டியைத் திறந்து கேக்கை வெட்டினார். அப்பிள் கேக். முதல் தட்டை என் முன்னால் வைத்தார். ஃபிராவ் லிண்ட்னர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். “முட்டை?”

“போடேல்லை” என்றார் மார்த்தா. பிறகு ஃபிராவ் லிண்ட்னரிடமல்ல, என்னிடம் சொன்னார். “என்ர வீட்டுக்கு வந்த ஆள் பசியோட இறங்கிப் போனவர். வீடு போனது போகட்டும், அதுதான் எனக்கு இத்தனை வருஷமும் சரியாப் படேல்லை.”

கேக் உதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டேன்.